கோயில் காளையும் கான்ஜியும்: நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம், போடி என்று இந்த மலையடிவாரம் நெடுக ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன எழுத்துகளை, அதாவது கான்ஜியை, நீங்கள் எழுதிப் பழகும் நோட்டுகளைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல் இதை எழுதுகிறேன். நான் தேவாரத்துக்காரன். சென்னையில் ஜப்பானியர்களோடு வேலை பார்த்த காலத்தில் அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டவன். ஊர் திரும்பிய பிறகு சாயங்கால நேரங்களில் உங்களில் சிலர் சந்தேகம் கேட்க வீட்டுக்கு வருகிறீர்கள். வராதவர்கள்தான் அதிகம். அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடுகிறேன்.

உங்களில் ஒருவருடைய நோட்டு இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. கட்டம் போட்ட நோட்டு. ஒரு பக்கம் முழுக்க 'மருந்து' என்ற ஒரே எழுத்து. ஜப்பானியர்கள் அதைக் 'குசுரி' என்பார்கள். 16 கோடுகள் கொண்டது. முதல் இரண்டு வரிசையும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன. மூன்றாவது வரிசையில் எங்கேயோ, நடுவில் இருக்கும் பெட்டிக்கு இடப்பக்கம் வரவேண்டிய இரண்டு சின்னக் கோடுகளில் ஒன்று காணாமல் போய்விட்டது. அதற்குக் கீழே, பக்கத்தின் அடிவரைக்கும் அந்தக் கோடு திரும்பி வரவேயில்லை. புத்தகத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்த கை, பாதியில் தனக்கு மேலே இருந்த கட்டத்தைப் பார்த்து எழுதத் தொடங்கிவிட்டது. முக்கால் பக்கத்துக்குப் பிழையைத்தான் பழகியிருக்கிறது. அடுத்த முறை அந்தத் தங்கை வந்தபோது அதே எழுத்தைத் தனியாக எழுதிக் காட்டி, "இது என்னம்மா?" என்று கேட்டேன். "எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு சார்" என்று பதில் வந்தது.

அந்தப் பிள்ளைமேல் எனக்கு வருத்தமில்லை. சொன்னதைச் செய்திருக்கிறது. இம்போசிஷனைப் பாடமுறை என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள்மேல்தான் என் கோபம். ஒரு பயிற்சி மையத்தில், மறந்துபோன எழுத்து ஒவ்வொன்றையும் 200 முறை எழுதிவரச் சொல்கிறார்கள் என்று உங்களில் இரண்டு மூன்று பேர் சொன்னீர்கள். ஏன் என்று கேட்டால், "ஜப்பானில் குழந்தைகள் இப்படித்தான் படிக்கின்றன" என்று ஒரு பதில் தயாராக இருக்கிறதாம்.

அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஜப்பானியக் குழந்தைக்குத் தொடக்கப்பள்ளியின் 6 ஆண்டுகளில் 1,026 கான்ஜி சொல்லித் தருகிறார்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று அரசு வைத்திருக்கும் பட்டியலில் இருப்பவை 2,136. அந்த மிச்சத்துக்கு மேல்வகுப்புகள் இருக்கின்றன. அதைவிட முக்கியமானது, அந்தக் குழந்தை 'குசுரி' என்ற சொல்லைக் காய்ச்சல் வந்த நாளிலிருந்து அம்மா வாயால் கேட்டு வளர்ந்தது. ஒலி தெரியும், பொருள் தெரியும், எழுத்து மட்டும்தான் புதிது. அந்த எழுத்தும் மருந்துக்கடைப் பலகையில் தினம் கண்ணில் படும். உங்களுக்கோ ஒலி, பொருள், எழுத்து மூன்றும் ஒன்றாக வந்து விழுகின்றன. கையில் இருப்பது 6 ஆண்டு இல்லை, ஆறேழு மாதம். அதிலும் விடியுமுன் அம்மா ஏலத்தோட்ட ஜீப்பைப் பிடிக்கக் கிளம்பியதும் வீட்டு வேலை உங்கள் தலையில் விழுகிறது. ஜப்பானியக் குழந்தைக்குத் தைத்த சட்டையை உங்களுக்கு மாட்டிவிட்டு, பொருந்தவில்லை என்றால் உங்களைக் குற்றம் சொல்வது அநியாயம்.

இன்னொன்றையும் கேளுங்கள். நீங்கள் எழுதப்போகும் தேர்வில் கான்ஜியைக் கையால் எழுதச் சொல்லும் கேள்வியே கிடையாது. ஜப்பானிய மொழித்திறன் தேர்வான ஜே.எல்.பி.டி. 1984-இல் தொடங்கியது, 2010 முதல் என்-5 தொடங்கி என்-1 வரை ஐந்து படிகளாக நடக்கிறது. ஐந்து படியிலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான். ஜப்பானில் வேலை பார்ப்பதற்கான 'குறிப்பிட்ட திறன்' விசாவுக்காக உங்களில் பலர் எழுதும் ஜே.எஃப்.டி. பேசிக் தேர்வு கணினித் திரையிலேயே முடிந்துவிடுகிறது. கான்ஜியைப் பொறுத்தவரை இரண்டும் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: இந்த எழுத்தை அடையாளம் தெரிகிறதா, இதன் சாயலில் இருக்கும் மற்றொன்றோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கிறீர்களா? 'ஓய்வு' என்ற எழுத்துக்கும் 'உடல்' என்ற எழுத்துக்கும் ஒரே ஒரு கோடுதான் வித்தியாசம். இரண்டையும் தனித்தனியே 200 முறை எழுதிய கைக்கு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது எது எது என்று சொல்லத் தெரியவில்லை. கோடுகளின் வரிசை பிடிபட ஐந்தாறு முறை எழுதுங்கள், நல்லது. அதற்குமேல் எழுதுவது கைவலிதான்.

கான்ஜி எவ்வளவு பெரிய தடை என்பதை நமக்கு முன்னால் போனவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2008-இல் இரு நாட்டுப் பொருளாதார ஒப்பந்தத்தின்கீழ் இந்தோனேசியாவிலிருந்து செவிலியர்கள் ஜப்பானுக்குப் போனார்கள். சொந்த நாட்டில் முறையாகப் படித்து, வேலை பார்த்துப் பழகியவர்கள். 2009-இல் ஜப்பானின் தேசியச் செவிலியர் தேர்வை அவர்களில் 82 பேர் எழுதினார்கள். ஒருவர்கூடத் தேறவில்லை. மறு ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டவரும் சேர 254 பேர் எழுதினார்கள். தேறியவர்கள் 3 பேர். ஊசி போடத் தெரியாததாலா தோற்றார்கள்? படுக்கைப் புண்ணைப் பார்த்திராத செவிலியர் எந்த நாட்டில் இருக்கிறார்? ஆனால் கேள்வித்தாளில் அது 'ஜோகுசோ' என்று இரண்டே எழுத்தில், மொத்தம் 30 கோடுகளோடு நின்றது. பிற்பாடு அரசே இறங்கிவந்து, இப்படி வெளிநாட்டிலிருந்து வந்து எழுதுகிறவர்களுக்குக் கான்ஜிகளின் தலைமேல் ஒலியெழுத்தை அச்சிட்டுக் கொடுத்தது, நேரத்தையும் கூட்டியது. தேர்வில் கொடுத்தது சரி. ராத்திரி வேலையில், முதியோர் இல்லத்து மருந்துப் பொட்டலத்தின்மேல் யார் ஒலியெழுத்து அச்சிட்டுத் தருவார்கள்?

இந்தக் கவலை இப்போது நம் வாசலுக்கு வந்துவிட்டது. குறிப்பிட்ட திறன் தொழிலாளர்களை அனுப்ப இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டன. 2025 ஆகஸ்டில், 5 ஆண்டுகளில் திறன் பெற்ற இந்தியர்கள் 50,000 பேரை ஜப்பானுக்கு அனுப்புவது என்று இரு அரசுகளும் அறிவித்தன. அந்த எண்ணைப் பார்த்துத்தான் வீட்டில் நகையை வைத்துப் பணம் கட்டியிருக்கிறீர்கள். கட்டிய பணத்துக்கு 200 முறை எழுதிய நோட்டு மட்டும் மிஞ்சினால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, வேறு வழி என்ன? உங்களுக்குப் பழக்கமில்லாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. பத்தாம் வகுப்பில் யாப்பு படித்தீர்களே, நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். அது என்ன? நினைவுக்குறிப்புதான். சீரின் அமைப்பை வறட்டு இலக்கணமாகச் சொன்னால் மறந்துபோகும் என்று, அந்த அமைப்பைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கும் மரங்களின் பெயரைப் பிடித்துக் கட்டிவைத்தார்கள். தேமா என்று வாய்விட்டுச் சொன்னாலே நேர் நேர் வந்துவிடும். பள்ளியை விட்டுப் பல வருஷம் ஆனவர்களைக் கேட்டாலும் அது மட்டும் நினைவிருக்கும். கசடதபற என்று ஒரே மூச்சில் வல்லினத்தைச் சொல்கிறோம்; அதுவும் இதே கைவேலைதான். அகராதியையே பாட்டாக்கி, நிகண்டு என்று பெயர் வைத்து, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளின் வாயில் ஏற்றியவர்கள் நம்மவர்கள். 1907-இல் செய்குத்தம்பிப் பாவலர் சென்னையில் சதாவதானம் செய்து காட்டினார், நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் கவனத்தில் நிறுத்தி. இந்த மரபில் வந்த பிள்ளைகள் கட்டம் போட்ட நோட்டுக்குள் ஏன் முடங்க வேண்டும்?

கான்ஜிக்கு முன்னால் படிக்கும் ஜப்பானிய ஒலியெழுத்து விஷயத்தில் நமக்கு ஒரு பெரிய சலுகையே இருக்கிறது. அதை எந்த மையத்திலும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை. ஜப்பானிய உயிரொலிகளின் வரிசை அ, இ, உ, எ, ஒ. நம் குறில் வரிசை அப்படியே. மெய்வரிசை க, ச, த, ந, அப்புறம் ஹ, ம, ய, ர, வ. அந்த ஹகரம் பழங்காலத்தில் பகரமாக ஒலித்தது என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள். அதை மனதில் வைத்து ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: க ச த ந ப ம ய ர வ. நம் நெடுங்கணக்கில் அவர்களிடம் இல்லாத ஒலிகளை உருவிவிட்டால் மிஞ்சும் வரிசை. புத்த பிக்குகள் வழியாக ஜப்பானியர்கள் இந்திய எழுத்துமுறையைக் கற்றதன் தடயம் இது. தமிழ்ப் பிள்ளைக்கு இந்த அட்டவணையின் வரிசையை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

இனி கான்ஜிக்கு வருவோம். கான்ஜி ஒரே கோட்டுக்குவியலாகத் தெரிகிறவரைக்கும்தான் பயம். அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கக் கற்றுக்கொண்டால் ஒவ்வொரு துண்டும் ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளாக இருக்கும்: ஆள், மரம், கை, கண், வாய், மலை, புல். அந்தத் துண்டுகளைக் கோத்து ஒரு காட்சியாக்கிவிட்டால் அது எளிதில் போகாது. சும்மா சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், செய்தே காட்டுகிறேன்.

மலைப்பாதையில் ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் இடத்துக்கு ஜப்பானியர்கள் 'தோகே' என்பார்கள். நாம் மெட்டு என்கிறோம். போடிமெட்டு, கம்பம்மெட்டு, நம் ஊர்க்காரர்கள் ரொம்ப காலமாக ரோடு கேட்கும் சாக்கலூத்து மெட்டு. அதற்கான எழுத்தில் இடப்பக்கம் 'மலை' நிற்கிறது. வலப்பக்கம் 'மேலே', அதன் அடியில் 'கீழே'. அவ்வளவுதான். மலையில் மேலே போய்க் கீழே இறங்கும் இடம். இது சீனாவிலிருந்து வந்த எழுத்துகூட இல்லை, மலைநாடான ஜப்பானில் அவர்களே செய்துகொண்டது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஜீப்பில் தலைசுற்றக் கடந்தவர்களுக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டுமா? உங்கள் தேர்வுப் பட்டியலில் இது வராது. ருசிக்காகச் சொன்னேன்.

இனி உங்களுக்குத் தேவைப்படும் எழுத்துகளுக்கு வருகிறேன். 'கோயில்' என்ற எழுத்து ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு அது புத்தர் கோயில். நமக்கு நம் ஊர்க் கோயிலாகவே இருக்கட்டும். இந்த ஒரு எழுத்துக்குப் பக்கத்தில் வேறு வேறு துண்டுகள் ஒட்டிக்கொண்டு ஒரு குடும்பமே உண்டாகிறது. பிள்ளைகள் அதிகம் குழம்புவது இங்கேதான். சூரியன் ஒட்டினால் 'நேரம்': உச்சிக்கால மணி அடித்தால் வெயிலைப் பார்க்காமலே நேரம் தெரியும். கை ஒட்டினால் 'வைத்திரு, ஏந்து': தேங்காய் பழத் தட்டைக் கையில் பிடித்தபடி சன்னதியில் நிற்கிறோம். நடையைக் குறிக்கும் துண்டு ஒட்டினால் 'காத்திரு': நடந்து வந்தாயிற்று, நடை திறக்கவில்லை, நில். மாடு ஒட்டினால் 'தனிச்சிறப்பு'. அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் ஜல்லிக்கட்டு பார்த்தவர்களிடம் இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. வாடிவாசலில் முதலில் வருவது கோயில் காளை, அதை யாரும் பிடிக்க மாட்டார்கள், அதற்குத் தனி மரியாதை.

கடைசியாக, 'சொல்' என்ற துண்டு அதே கோயிலோடு ஒட்டினால் வருவது 'கவிதை'. கோயிலில் சொல்லும் சொல். நம் ஊர்ப் பெயரையே ஒரு எழுத்தாக எழுதி வைத்த மாதிரி இல்லையா! தேவாரத்துப் பிள்ளைக்கு இந்த எழுத்து மறந்தது என்றால் நான் நம்ப மாட்டேன்.

ஆறு எழுத்துகள், ஆறும் நம் கண்முன்னால் இருக்கும் கோயில் வாசலில் நிற்கின்றன. இவற்றை 200 முறை வீதம் எழுதியிருந்தால் 1,200 கட்டம் நிரம்பியிருக்கும்.

உங்களில் பாதிப்பேர் முதியோர் பராமரிப்பு வேலைக்குத்தான் போகிறீர்கள். 'கைகோ' என்கிறார்கள் அதை. அதன் இரண்டாவது எழுத்துக்கு 20 கோடு. பார்த்ததும் புத்தகத்தை மூடிவைக்கிறீர்கள். பிரித்துப் பாருங்கள். இடப்பக்கம் 'சொல்'. வலப்பக்கம் மேலே புல், நடுவில் ஒரு குருவி, அடியில் ஒரு கை. புல் புதரில் விழுந்து கிடக்கும் குருவியை, பேச்சுக் கொடுத்தபடியே ஒரு கை ஏந்தி எடுக்கிறது. 'காத்தல்' என்பது பொருள். செவிலியர் பணியைக் குறிக்கும் 'கன்கோ'விலும் இதே எழுத்துதான் பின்னால் வருகிறது. முன்னால் வரும் எழுத்தில் கண்ணுக்கு மேலே ஒரு கை. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துத் தூரத்தில் பார்க்கிறோமே, அந்தக் கை. கூர்ந்து பார்த்தல். இதற்குக் கதை கட்டவே வேண்டாம், அந்த எழுத்து பிறந்ததே அப்படித்தான்.

'வேலை செய்' என்ற எழுத்தில் இடப்பக்கம் ஆள், நடுவில் பாரம், வலப்பக்கம் பலம்: ஏலக்காய் மூட்டையைத் தோளுக்கு ஏற்றுகிறார் ஒருவர். 'தடை' என்ற எழுத்தில் மேலே இரண்டு மரம், கீழே தெய்வ பீடம்: கோயில் காடு, ஒரு கிளையையும் ஒடிக்கக் கூடாது. 'வலது', 'இடது' இரண்டிலும் மேலே இருப்பது கை. வலதில் கீழே வாய் இருக்கும். எந்தக் கையால் சாப்பிடுகிறீர்கள்?

முதலில் சொன்ன 'மருந்து' எழுத்துக்கும் கடன் தீர்த்துவிடுகிறேன். மேலே பச்சிலை. அதன்கீழ் நடுவில் இருக்கும் பெட்டி 'வெள்ளை' என்ற எழுத்து, அதை வெள்ளை மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இருபக்கமும் இரண்டிரண்டு சொட்டு. அடியில் 'மரம்', அதாவது மாத்திரை வைத்திருக்கும் மர மேஜை. பச்சிலை, மாத்திரை, சொட்டு மருந்து எல்லாம் ஒரே மேஜைமேல். இந்தக் காட்சி மனதில் இருந்திருந்தால், இடப்பக்கம் ஒரு சொட்டு குறையும்போதே அந்தத் தங்கையின் கை நின்றிருக்கும்.

இப்படிக் கதை கட்டிப் படிப்பது ஒன்றும் இரகசியமில்லை, அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன என்று சிலர் சொல்லலாம். இருக்கின்றன. ஜப்பானில் நகோயா நகரத்து நன்ஸான் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேம்ஸ் ஹைசிக் 1977-இல் வெளியிட்ட புத்தகம் உலகம் முழுக்கப் பிரபலம். அதன் ஜெராக்ஸ் பக்கங்கள் உங்கள் கையில் புழங்குவதையும் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஆங்கிலச் சொல், அமெரிக்க வாழ்க்கையிலிருந்து ஒரு கதை. இங்கேதான் எனக்கு அடுத்த மனக்குறை. ஏலக்காய் விற்கத் தரகர் இல்லாமல் நேராக ஏல மையத்துக்குப் போகத் துடிக்கும் ஊர் நம்முடையது. ஜப்பானிய எழுத்துக்கும் தமிழ் மனதுக்கும் நடுவில் ஆங்கிலத்தை மட்டும் ஏன் தரகு வைக்கிறீர்கள்? அந்த ஆங்கிலச் சொல்லுக்கே அகராதி பார்க்கிறீர்கள். அதில் வரும் கதையைப் புரிந்துகொள்ள இன்னொரு கதை வேண்டியிருக்கிறது. அப்புறம் எங்கே நினைவில் நிற்கும்?

ஹைசிக்கே இதை அறிந்திருந்தார் என்பதுதான் வேடிக்கை. அவர் புத்தகத்தின் முதல் பகுதியில் மட்டும்தான் முழுக் கதை சொல்கிறார். இரண்டாம் பகுதியில் கதையின் கரு மட்டும். மூன்றாம் பகுதியில் துண்டுகளின் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை நீயே கட்டிக்கொள் என்று விலகிவிடுகிறார். நமக்கு ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தவர்கள் முதல் பகுதியோடு நிறுத்திக்கொண்டார்கள். தானே உருவாக்கிய ஒன்று, பிறர் கொடுத்ததைவிட நன்றாக நினைவில் தங்குகிறது என்று 1978-இல் ஸ்லமெக்கா, கிராஃப் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் சோதித்துக் காட்டினார்கள். ஆகவே என் கதைகளையும் அப்படியே விழுங்காதீர்கள். குருவி பிடிக்கவில்லையா, உங்கள் வீட்டுக் கோழியாக்கிக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கிய கதையில் வேறொரு வில்லங்கமும் உண்டு. 'நிம்மதி' என்ற எழுத்தில் கூரைக்குக் கீழே ஒரு பெண் இருக்கிறாள். பெண் வீட்டுக்குள் இருந்தால் நிம்மதி என்று விளக்கம் சொல்கிறார்கள். விடியுமுன் ஜீப்பேறிப் போய், காய் எடுத்து, அந்தக் கூலியில் உங்களைப் படிக்கவைத்த அம்மாக்களின் பிள்ளைகள் நீங்கள். இந்த விளக்கத்தை வாயைத் திறக்காமல் எழுதிக்கொள்கிறீர்கள். மாற்றுங்கள். சொந்தக் கூரை வாங்கிய பெண்ணுக்கு நிம்மதி என்று எழுதுங்கள். எழுத்து அதே எழுத்துதான், நினைவில் நிற்பதும் கூடுதலாக நிற்கும். ஜப்பானுக்குப் போகும் பெண் பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கதையை மட்டும் நம்பிவிடாதீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கதை உருவத்தையும் பொருளையும் பிடித்துக் கொடுக்கும்; ஒலியைக் கொடுக்காது. ஒரு கான்ஜிக்கு இரண்டு மூன்று ஒலி இருப்பது சாதாரணம். அவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல், சொல்லோடு சேர்த்துப் படியுங்கள். எழுத்தே ஒலிக்குத் துப்புக் கொடுக்கும் இடங்களும் உண்டு. பெரும்பாலான கான்ஜிகளில் ஒரு பாதி பொருளுக்கு, மறு பாதி ஒலிக்கு. 'நீலம்' என்ற எழுத்தின் ஒலி 'சே' என்று நீளும். அதோடு தண்ணீர் சேர்ந்தால் தூய்மை, சூரியன் சேர்ந்தால் தெளிந்த வானம், அரிசி சேர்ந்தால் தீட்டிய சாரம், சொல் சேர்ந்தால் வேண்டுகோள். நான்குக்கும் அதே 'சே'தான். மேலே சொன்ன கோயில் குடும்பத்தில் நேரமும் ஏந்துதலும் 'ஜி' என்றே ஒலிக்கும். கவிதை 'ஷி' என்று சற்று விலகும். காத்திருத்தலும் காளையும் குடும்பத்தை விட்டே ஓடிவிட்டன. அவற்றைத் தனியாகத்தான் படிக்க வேண்டும்.

நாம் கட்டும் கதை எழுத்தின் வரலாறு ஆகிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும். சீனாவில் ஷூ ஷென் கி.பி. 100 வாக்கிலேயே எழுத்துகளை ஆராய்ந்து வகைபிரித்து அகராதி செய்துவிட்டார். ஜப்பானிய மேலதிகாரியிடம் போய், இந்த எழுத்து எங்கள் ஊர் ஜல்லிக்கட்டிலிருந்து வந்தது என்று சொல்லி வைக்காதீர்கள்! பழக்கமாகிவிட்டால் கதை தானே உதிர்ந்துவிடும். எழுத்தைப் பார்த்ததும் பொருள் வரும். அதுவரைக்கும் இடைவெளி விட்டு மறுபடி மறுபடி உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இன்று, நாளை, நான்கு நாள் கழித்து, பத்து நாள் கழித்து. அட்டையின் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் பொருளும் ஒலியும். தெரிந்தவை பின்னால் போகட்டும், தெரியாதவை முன்னால் வரட்டும். பஸ்ஸில் தேனி போய்ச் சேர்வதற்குள் ஒரு கட்டு அட்டையைப் புரட்டிவிடலாம்.

இவ்வளவும் சொன்னது ஒரு காரியத்தைக் கேட்பதற்காக. என்-4 வரைக்கும் உங்களுக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 300 கான்ஜி. இந்த வட்டாரத்தில் ஜப்பானிய மொழி படிக்கும் 30 பேர், ஆளுக்கு 10 எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைத்து, தமிழில் நான்கு வரிக்குள் ஒரு கதை எழுதுங்கள். நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதுங்கள், இலக்கியம் ஆக்க வேண்டாம். எல்லாம் சேர்ந்தால் 300 எழுத்துக்கும் தமிழில் ஒரு நோட்டு கிடைத்துவிடும். படி எடுத்துத் தேவாரத்திலும் போடியிலும் நூலகத்தில் வைப்போம். அடுத்த ஆண்டு படிக்க வருகிறவர்கள் அங்கிருந்து தொடங்கட்டும். பிடிக்காத கதையை அடித்துவிட்டுத் தங்கள் கதையைப் பக்கத்தில் எழுதட்டும். ஏற்கெனவே ஜப்பானில் இருக்கும் அண்ணன் அக்காமார்களிடமும் கேளுங்கள். வேலையிடத்தில் தினம் எதிர்ப்படும் எழுத்து எது, தடுமாறியது எங்கே என்று அவர்கள் அனுப்பும் ஒவ்வொன்றும் இந்த நோட்டுக்கு லாபம். உங்கள் ஆசிரியர்களிடமும் இந்த மடலைக் காட்டுங்கள். வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடுகிறவர்கள் இருந்தால், கான்ஜி நேரத்துக்கு மட்டுமாவது விலக்குக் கேளுங்கள்.

ஜே.எல்.பி.டி. ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிறது. அடுத்த தேர்வுக்கு முன்னால் இந்த நோட்டு முடிய வேண்டும். கோயில் குடும்பத்தையும், குருவியையும், மருந்து மேஜையையும் நான் முதல் பக்கங்களில் எழுதிவைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள். இம்போசிஷன் நோட்டை வீட்டில் வைத்துவிட்டு, ஆளுக்குப் பத்துக் கதையோடு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தேவாரத்துக்காரன்